கோல்டு, சில்வர், கூடவே ஒரு கடிகாரம்

டெல்டாக்காரர்களுக்கு ஜூன் 12 என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் அணையைத் திறக்கவேண்டிய நாள். அன்றைக்குத் தண்ணீர் விட்டால் குறுவை. விடாவிட்டால் பம்புசெட் வைத்திருப்பவர் பாடு தேவலை, மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எட்டு வருஷம் தொடர்ந்து பொய்த்த அந்தத் தேதி 2020-ல்தான் மறுபடி சொன்னபடி நடந்தது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்து ஆச்சரியப்படுத்தினார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. தேதியும் வானமும் சேர்ந்துதான் ஒரு வீட்டின் வருஷத்தைத் தீர்மானிக்கும் என்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இதற்கும் போக்கிமானுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அந்த வரிசையில் முதன்முதலாகத் தேதி பார்த்து நடந்துகொண்டது இரண்டாம் தலைமுறை: கோல்டு, சில்வர். ஜப்பானில் 1999 நவம்பர் 21-ல் வெளியானது. அமெரிக்காவுக்கு 2000 அக்டோபரில் போனது. கொஞ்சம் மெருகேற்றிய கிரிஸ்டல் 2000 டிசம்பரில் வந்தது. முதல் தலைமுறையில் இருந்த 151 ஜந்துக்களோடு புதிதாக 100 சேர்ந்து 251 ஆனது. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், தெரியாதவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

நம்மூரில் இது வந்துசேர்ந்த விதம் தலைகீழ். முதலில் 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் கார்ட்டூன். அதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்த பிறகுதான் இது ஒரு கேமாகவும் இருக்கிறது என்ற சேதி. கேம் பாய் கலர் கருவியைக் கையில் பிடித்து விளையாடியவர்கள், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ மாமா, சித்தப்பா இருந்த பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு பிரௌசிங் சென்டர், அதில் எமுலேட்டர், மணிக்கு இவ்வளவு என்று காசு. அதற்குள் ஜப்பானில் மூன்றாம் தலைமுறையே (ரூபி, சஃபையர், 2002) வந்துவிட்டிருந்தது. ஆக கோல்டும் சில்வரும் டெல்டாவுக்கு வரும்போதே பழைய சரக்கு. பழைய சரக்காக வந்தும் மனதில் ஒட்டிக்கொண்டதென்றால் அதில் ஏதோ இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தத் தலைமுறையின் சிறந்த புதுமை எது என்று கேட்டால் பலரும் சொல்வது இரண்டு. ஒன்று, நிறம் மாறிப் பளபளக்கும் ஷைனி. இன்னொன்று, கதை முடிந்தபின் பழைய கான்டோ நாட்டுக்கே திரும்பப் போகலாம் என்பது. இரண்டுமே நல்லவைதான். ஆனால் முதலிடம் கடிகாரத்துக்குத்தான், இரண்டாமிடம் முட்டைக்கு. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு வரிசையில் நிற்கட்டும்.

கடிகாரம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். கேம் டப்பாவுக்குள்ளேயே ஒரு நிஜக் கடிகாரம். நீங்கள் அணைத்து வைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். விடியற்காலை 4 மணியிலிருந்து 10 வரை காலை, 10-லிருந்து மாலை 6 வரை பகல், அதற்குமேல் இரவு. ஒவ்வொரு பொழுதுக்கும் புல்லுக்குள் வேறுவேறு ஜந்து. ஆந்தை மாதிரி இருக்கும் ஹூட்ஹூட் இரவில்தான் வரும். லெடிபா என்ற புள்ளிவண்டு காலையில் வரும், ஸ்பினராக் என்ற சிலந்தி இருட்டிய பிறகு வரும். ஈவி என்ற குட்டியை அன்பாக வளர்த்துப் பகலில் முன்னேற்றினால் எஸ்பியான், இரவில் முன்னேற்றினால் அம்ப்ரியான்.

கிழமைக்கும் மதிப்பு உண்டு. யூனியன் குகையின் அடியில் வெள்ளிக்கிழமை மட்டும் லாப்ராஸ் வந்து நிற்கும். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி. இருபது நிமிஷம், இருபது பந்து, கூட ஒரே ஒரு துணை. திங்கட்கிழமை இரவு சந்திர மலையில் கிளெஃபேரிகள் கூடி ஆடும். கர்ட் என்ற கிழவரிடம் காயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பந்து செய்து தருவார், ஆனால் நாளைக்கு வா என்பார். கும்பகோணத்துத் தட்டாரிடமும் பாத்திரக்காரரிடமும் நடையாய் நடந்தவர்களுக்கு இந்த "நாளைக்கு வா" புதிதில்லை :-) என்ன வித்தியாசம் என்றால், கர்ட் சொன்னபடி மறுநாளே தந்துவிடுவார்.

மரத்தில் காய் பறித்தால் மறுபடி காய்க்க ஒரு நாள் ஆகும். பணம் கொடுத்து அதை அவசரப்படுத்த முடியாது. இது ஒரு பெரிய விஷயம். இன்றைய மொபைல் கேம்களிலும் கடிகாரம் இருக்கிறது. "உங்கள் சக்தி தீர்ந்தது, எட்டு மணி நேரம் காத்திருங்கள், அல்லது இந்த வைரப் பொதியை வாங்குங்கள்." அது வட்டிக்கடைக் கடிகாரம். நிறுத்திவைத்துக் காசு பிடுங்குவதற்காகவே மாட்டியது. கோல்டின் கடிகாரம் எதையும் விற்கவில்லை. போய் வேறு வேலை பார், வெள்ளிக்கிழமை வா என்றது. விளையாட்டை மூடிவைக்க ஒரு நியாயமான காரணத்தை விளையாட்டே கொடுத்தது. இப்படியொன்றை இப்போது எந்தக் கம்பெனி துணிந்து செய்யும்?

அந்தக் கடிகாரத்தின் மேல் குறையே இல்லையா என்றால், உண்டு. மறைக்கக் கூடாது. அந்த விளையாட்டு, எந்நேரமும் கையில் கருவி இருக்கும் பிள்ளையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போகும் பையனுக்கு ஜோடோ நாடு நிரந்தரப் பகல். ஹூட்ஹூட் தென்படாது, வெள்ளிக்கிழமை லாப்ராஸ் கிடையாது, பூச்சிப் போட்டி கிடையாது. ட்யூஷன் முடிந்து இரவில் மட்டும் விளையாடுகிற பெண்ணுக்கு நிரந்தர இரவு. எமுலேட்டர் கணினியின் கடிகாரத்தைத்தான் பார்க்கும் என்பதால், தேதியை மாற்றிவைத்து லாப்ராஸைப் பிடித்தவர்கள் உண்டு. அதைத் திருட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. நேரம் உள்ளவனுக்கே நேரம் பயன்படும் என்று ஆகிவிட்டால், இல்லாதவன் கடிகாரத்தைத் திருகத்தான் செய்வான். 2012 வாக்கில் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்களில் அந்த ஒரு மணி நேரமும் உறுதியில்லை. ஆனாலும் இந்தக் குறை கடிகாரத்துக்கு எதிரான வாதம் ஆகாது. அந்தக் கருவி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, யார் கைக்குச் சேரவில்லை என்பதைப் பற்றிய வாதம் அது.

அடுத்து முட்டை. முதல் தலைமுறையில் ஜந்துக்களைப் பிடிக்கலாம், சண்டைக்கு விடலாம், பெட்டியில் அடைக்கலாம். அவ்வளவுதான். இரண்டாம் தலைமுறையில் ஆண், பெண் வந்தது. பொருந்துகிற இரண்டைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டால் முட்டை கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் குஞ்சு பொரிக்கும். இதில் சூட்சுமம் எங்கே என்றால், தாயின் இனம் குட்டிக்கு வரும், தகப்பன் கற்ற சில வித்தைகளும் குட்டிக்கு வரும். தானாக வளர்ந்தால் எந்த வயதிலும் கற்க முடியாத வித்தையோடு குட்டி பிறக்கும். அதற்காகப் பொருத்தமான தகப்பனைத் தேடி, சில நேரம் தாத்தா வரைக்கும் திட்டம் போட வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் டெல்டாவில் இதற்கு ஜாதகத்தைவிடப் பொருத்தமான உதாரணம் ஆடுதுறையில் இருக்கிறது. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. அதன் பெயரைத் தாங்கிய ஏடிடி 27 என்ற ரகம் 1960-களில் தஞ்சாவூர் ஜில்லாவின் குறுவையைப் புரட்டிப்போட்டது. அது யாருடைய பிள்ளை தெரியுமா? ஜப்பானிய நெல் ஒன்றும் நம்மூர் ஜிஇபி 24-ம் சேர்ந்து பெற்ற பிள்ளை. இரண்டு நாட்டு நெல்லையும் கலந்து, இரண்டின் குணமும் உள்ள விதை கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் பார்த்த வேலையில் விளைந்தது. போக்கிமான் கார்ட்டூன் வருவதற்கு நாற்பது வருஷம் முன்பே ஜப்பானிலிருந்து இப்படியொரு சம்பந்தம் நடந்திருக்கிறது! முட்டை வித்தைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கலப்புச் செய்து ராத்திரியெல்லாம் கண்விழிக்கிற பையன், ஆடுதுறை விஞ்ஞானி பகலில் செய்கிற வேலையின் பொம்மை வடிவத்தைத்தான் செய்கிறான். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த வரிசையை உருவாக்கிய சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். டோக்கியோ ஓரத்தில் மச்சிடா என்ற ஊர். நகரம் வளர வளர அங்கிருந்த வயலும் வெளியும் கட்டடமாக மாறின, பூச்சிகள் போயின. அந்தப் பூச்சி வேட்டையை அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் இந்த விளையாட்டே பிறந்தது. முதல் தலைமுறையில் பிடிப்பது மட்டும் இருந்தது. ஆனால் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்தவர்களுக்குத் தெரியும், பிடித்ததில் பாதி சந்தோஷம்தான். மீதிச் சந்தோஷம் ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் உள்ளே முட்டை கிடப்பது. அந்த மீதிப் பாதியை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது கோல்டும் சில்வரும்தான்.

மூன்றாவது இடம் மழைக்கு. மழை, வெயில், மணற்புயல் மூன்றையும் சண்டைக்குள் வரவழைக்கும் வித்தைகள் இதில்தான் முதலில் வந்தன. மழை பெய்தால் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்கு, நெருப்புத் தாக்குதல் பாதி. இடி தப்பாமல் விழும். வெயிலை நம்பி அடிக்கிற சோலார் பீம் சோர்ந்துபோகும். எல்லாம் ஐந்தே சுற்றுக்குத்தான், அதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் விட்டிருக்கிற நாட்களுக்குள் நாற்றங்காலும் உழவும் நடவும் முடிக்கிற அவசரத்தை அறிந்தவர்களுக்கு இதன் ருசி தனி.

அதைவிட அழகு அசேலியா ஊரின் கிணறு. ஸ்லோபோக் என்ற மந்தமான ஜந்து கொட்டாவி விட்டால் மழை வரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. 400 வருஷம் முன் ஒரு பஞ்சத்தை அப்படித்தான் அது தீர்த்தது என்று கிணற்றுப் பக்கத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். மழைக்காகத் தவளைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்துவைக்கிற நாட்டில் இதைப் படித்துச் சிரிக்கவும் முடியாது, சிரிக்காமலிருக்கவும் முடியாது. அந்த ஸ்லோபோக்கின் வாலை வெட்டி விற்க ராக்கெட் கும்பல் வருகிறது. ஊரின் மழையை யாரோ வெளியிலிருந்து வந்து காசாக்குகிறார்கள் என்ற கதையைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான விளையாட்டில் இவ்வளவு லேசாகச் சொன்னதற்கு ஒரு சபாஷ்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதல் தலைமுறையில் மனோசக்தி வகை ஜந்துக்களை அடக்க ஆளில்லை. பேய் வகைத் தாக்குதலுக்கு அவை பயப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார்கள், ஆனால் நிரலில் பிழை, அடி விழவே இல்லை. அதனால் அலகசாமும் மியூடூவும் வைத்ததே சட்டம். இருள், எஃகு என்று இரண்டு புது வகைகளைச் சேர்த்து அந்த ஆட்டத்தை அடக்கினார்கள். மனோசக்தி இருளை ஒன்றுமே செய்யாது. நல்ல பஞ்சாயத்துத் தீர்ப்பு. ஜந்துவின் கையில் ஒரு பொருளைக் கொடுத்தனுப்பும் வசதியும் இதில் வந்ததுதான். சண்டை நடுவில் களைத்தால் அது தானே காயை எடுத்துத் தின்றுகொள்ளும், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிற மாதிரி. சின்ன மாற்றம், ஆனால் சண்டையைக் கணக்குப் போட்டு விளையாட வைத்தது இதுதான். தொலைபேசியும் உண்டு. ஜோயி என்ற பொடியன் தன் ரட்டாட்டா எலியின் பெருமை பேச நேரங்காலமில்லாமல் கூப்பிடுவான். அந்தத் தொல்லையை 1999-லேயே முன்கூட்டிக் காட்டியவர்களுக்கு நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

ஷைனி? 8192-ல் ஒன்று வருகிறது, நிறம் வேறு, அவ்வளவுதான். சண்டையில் ஒரு பயனும் இல்லை. லாட்டரிச் சீட்டு மனநிலையை வளர்த்ததைத் தவிர அது செய்தது என்ன? ரேஜ் ஏரியில் நிற்கும் அந்தச் சிவப்பு கயாரடோஸ் மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கதையில் காரணம் இருக்கிறது.

கான்டோவுக்குத் திரும்புவதைப் பற்றிப் பலரும் உருகி எழுதுவார்கள். உண்மையில் அந்தப் பகுதி அரைகுறை. சஃபாரி மூடிக்கிடக்கிறது, விரிடியன் காடு காணாமல் போய்விட்டது. டப்பாவில் இடம் போதாததுதான் காரணமாக இருக்க வேண்டும். (அந்தச் சின்ன டப்பாவுக்குள் இவ்வளவையும் திணிக்கப் படங்களைச் சுருக்கும் கருவிகளை எழுதிக் கொடுத்தவர் சடோரு இவாடா. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரே ஆனார்.) ஆனாலும் ஒரு இடம் இருக்கிறது. சின்னபார் தீவு. முந்தைய விளையாட்டில் ஆய்வுக்கூடமும் மாளிகையுமாக இருந்த ஊர். மூன்று வருஷம் கழித்துப் போனால் எரிமலை வெடித்து எல்லாம் போய், கரும்பாறையும் ஒரு சிகிச்சை நிலையமும்தான் மிச்சம். ஊர் இருந்த இடத்தில் நின்று, இங்கேதானே கதவு இருந்தது என்று தேட வைக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்த பிறகு சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு வந்தவர்கள், தென்னை இல்லாத வானத்தைப் பார்த்து வழி தடுமாறினார்கள். விளையாட்டு அதைப் போலச் செய்துகாட்ட முயலவில்லை, முயலவும் முடியாது. ஆனால் முன்பு பார்த்த ஊரை அழித்துவைக்க அது துணிந்தது. அதன்பின் வந்த தலைமுறைகள் பெரும்பாலும் அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை.

இனி கசப்பான விஷயம். முதல் தலைமுறைக்கும் இரண்டாம் தலைமுறைக்கும் நடுவே கேபிள் போட்டு ஜந்துக்களைப் பரிமாறிக்கொள்ளலாம். அதற்கு "டைம் கேப்சூல்" என்று பெயர் வைத்திருந்தார்கள். புதியதைப் பழையதற்கு அனுப்பக்கூட வழி வைத்த பெருந்தன்மை. ஆனால் மூன்றாம் தலைமுறை வந்தபோது பாலத்தை உடைத்துவிட்டார்கள். கோல்டில் வளர்த்த எதுவும் ரூபிக்குப் போகாது. முட்டை முட்டையாக வளர்த்த பரம்பரை அந்த டப்பாவோடு நின்றது. பகலும் இரவும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. 2004-ல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் கடிகாரமே இல்லை.

நெல் ஜெயராமன் 2006-லிருந்து திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். பாரம்பரிய விதை 2 கிலோ கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். பூங்கார், காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா என்று 174 ரகங்கள் அப்படிச் சேர்ந்தன. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது அந்த நெல் அவர் வீட்டுப் பத்தாயத்தில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் ஊராக வயலில் நின்றதால் பிழைத்தது. போக்கிமான் சேகரிப்புக்கு அந்த வழி அடைபட்டது. அடைத்தவர்கள் அதைச் செய்தவர்களேதான்.

2017-ல் கோல்டையும் சில்வரையும் நின்டெண்டோ 3டிஎஸ் கருவியில் இறக்கிக்கொள்ளும்படி மறுபடி வெளியிட்டார்கள். அதில் பிடித்ததைப் புதிய விளையாட்டுகளுக்கு அனுப்பவும் வழி செய்தார்கள். 2023 மார்ச்சில் அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள்.

பழைய டப்பாக்களின் கதி இன்னும் விசித்திரம். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரிதான் சேமித்த ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது, அதே பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. கடிகாரம் இரவும் பகலும் ஓடுவதால் முதல் தலைமுறை டப்பாக்களைவிட இவற்றில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தால் 251-ம் போச்சு. சிங்கப்பூர் மாமா வாங்கிவந்த டப்பாவைப் பரணிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பேட்டரியைச் சால்டரிங் வைத்து எடுத்துவிட்டுப் புதிது ஒன்றை ஒட்டலாம், கடிகாரக் கடைக்காரர் செய்கிற வேலைதான். ஒட்டி முடித்துப் புது ஆட்டம் தொடங்கினால் திரை இருட்டாக இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரு குரல் முதலில் மணி என்ன என்று கேட்கும். சொன்னால் கதை தொடங்கும். மாடியிலிருந்து இறங்கிவந்தால் அம்மா நின்றுகொண்டு இன்றைக்கு என்ன கிழமை என்பாள்.